பழைய காரின் ஏசி காற்று: நான்கு கோடைகளுக்குப் பிறகு

என்னுடையது எண்பதுகளின் நடுவில் வந்த ஒரு செடான். ஏசி குளிரும், ஆனால் காற்று வராது. காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தால் டாஷ்போர்டுக்குள் பெரிய இரைச்சல் கேட்கும். வென்ட் முன்னால் கையை நீட்டினால் யாரோ மெல்ல ஊதுவது போலத்தான் இருக்கும். பின்சீட்டுக்கு அதுவும் போய்ச் சேராது. இதைச் சரிசெய்யத் தொடங்கி நான்கு கோடை ஆகிவிட்டது. எது பலன் தந்தது, எது இத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது, "கேஸ் குறைஞ்சிருக்கும் சார்." நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். 7 டிகிரி காட்டியது. கேஸ் குறைந்த ஏசி அப்படிக் குளிராது. காற்று மெதுவாகப் போகும்போது கூலிங் காயிலில் கூடுதல் நேரம் தங்கி, இன்னும் குளிர்ந்தே வெளியே வரும். தெர்மாமீட்டரில் நல்ல எண் தெரியும், காருக்குள் சூடு மட்டும் தணியாது. குளிர் குறைவது வேறு, காற்று குறைவது வேறு. இது புரியாமல் கேஸை ஏற்றிக்கொண்டே போனால் கெடுவது கம்ப்ரஸர்தான். இன்னொன்று, ஆர்-12 என்ற பழைய கேஸில் ஓடிய காரை ஆர்-134ஏ என்ற புதிய கேஸுக்கு மாற்றியிருந்தால் பழைய எடையை அப்படியே ஏற்றக் கூடாது. பொதுவாக அதில் 80 முதல் 90 சதவீதம் போதும்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். ப்ளோயர் மோட்டாரின் முனைகளில் 10.6 மட்டுமே. 3.2 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. மோட்டார் இழுத்தது 18 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 58 வாட். அவ்வளவும் ஸ்விட்ச்சிலும் பிளக்குகளிலும் சூடாக மாறிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச்சின் பின்பக்கப் பிளக்கைக் கழற்றியதும் சாட்சி கையிலேயே இருந்தது: வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி உருகி, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரு பின் வழியாகத்தான் எல்லா மின்சாரமும் போயிருக்கிறது.

பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, 40 ஆம்பியர் ரிலே வைத்தேன்; சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அது. முழு வேகத்துக்கு மட்டும் இந்த வழி. மற்ற வேகங்கள் பழையபடி வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் வழியாகவே போகின்றன. முழு வேகத்தில் பழைய ஸ்விட்ச் இப்போது ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. 30 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நடுவில் எங்காவது வைத்தால், அதற்கு முன்னால் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. எர்த் வயரையும் புதிதாகப் போட்டேன். மோட்டாரில் இப்போது 13.1 வோல்ட். கையில் பிடிக்கும் காற்று வேகமானியில் நடு வென்ட் நொடிக்கு 2.2 மீட்டரிலிருந்து 2.7 ஆனது.

பெரிய மாற்றம் வந்தது சுத்தம் செய்ததில்தான். இந்த வயதுக் கார்களில் பெரும்பாலும் கேபின் ஃபில்டர் கிடையாது, தூசு நேராக உள்ளே போகிறது. கிளவ் பாக்ஸைக் கழற்றி ப்ளோயர் சக்கரத்தை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு இதழின் குழிவிலும் கம்பளி போலத் தூசு அப்பியிருந்தது. அந்தக் குழிவுதான் காற்றை அள்ளி வீசும் இடம். அது நிரம்பிவிட்டால் சக்கரம் சுற்றும், சத்தம் வரும், காற்று வராது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஓரத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப் இருக்கும். சக்கரத்தைச் சமநிலைப்படுத்துவது அது. நகர்ந்துவிட்டால் டாஷ்போர்டு முழுக்க அதிரும். அடுத்து காயில். தகடுகளின் முகத்தில் மக்கிய இலையும் தூசும் சேர்ந்து ஒரு படலமாகவே உரிந்து வந்தது. காயில் கிளீனர் நுரையை அடித்து ஊறவிட்டு, தகடுகளின் போக்கிலேயே மெல்லிய பிரஷ் ஓட்டி, வேகமில்லாத தண்ணீரில் கழுவினேன். வேகமானி 4.1 காட்டியது.

ஆனால் கழுவிய மாதமே ஒரு புதுத் தொல்லை. நாற்பது நிமிடம் ஓட்டினால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றேவிடும். ஏசியைப் பத்து நிமிடம் அணைத்துவைத்தால் காரின் அடியில் தண்ணீர் கொட்டும், காற்றும் திரும்பிவிடும். காயில் பனி கட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். கழுவும்போது வெளியே எடுத்த தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாயை நான் தகடுகளுக்குள் ஆழமாகச் செருகவில்லை. காயிலின் குளிர் அதற்குத் தெரியாததால் கம்ப்ரஸரை நிறுத்தவே இல்லை. சரியாகச் செருகிய பிறகு இன்றுவரை பனி கட்டவில்லை.

வென்ட்டிலிருந்து கறுப்புத் துணுக்குகள் பறந்து வந்தால், உள்ளே காற்றின் வழியைத் திருப்பும் கதவான ஃபிளாப்பின் ஸ்பாஞ்ச் உதிர்கிறது என்று பொருள். என் காரில் ஃபிளாப் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருந்தன. ஸ்பாஞ்ச் போனதும் குளிர்ந்த காற்றில் ஒரு பங்கு ஹீட்டர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை சாதாரண ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினேன். இரண்டாம் கோடையின் சூட்டில் உரிந்துவிட்டது. மறுபடி பிரித்து, துளைகளை இருபக்கமும் அலுமினியம் டேப்பால் மூடி, தண்ணீர் உறிஞ்சாத அடர்த்தியான ஃபோமைக் கான்டாக்ட் பசையால் ஒட்டினேன். இரண்டு கோடையாக அசையவில்லை. வேகமானியில் 4.7.

பெரிய மோட்டார் போடும் யோசனையைப் பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. அடைபட்ட காயிலுக்கு முன்னால் எந்த மோட்டாரும் திணறும், பழைய வயரில் அது இழுக்கும் கூடுதல் ஆம்பியர் ஆபத்தானது. மூன்றாம் வருடம் கீச்சென்று சத்தம் வந்தபோது கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மட்டும் மாற்றினேன்.

கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் இடத்தில் வலை பொருத்தியிருக்கிறேன். முதலில் போட்ட நுண்ணிய வலை சீக்கிரமே அடைத்துக்கொண்டது. உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனில் வைத்தால் நல்ல காற்று, வெளிக்காற்றுக்கு மாற்றினால் சோர்ந்த காற்று. அதை வைத்தே கண்டுபிடித்தேன். இப்போது இலையை மட்டும் தடுக்கும் பெரிய கண்ணி வலை. தூசு கொஞ்சம் போகத்தான் செய்யும், அதனால் கோடைக்கு முன் வருடம் ஒருமுறை ப்ளோயர் சக்கரத்தைத் துடைக்கிறேன்.

இந்தக் கோடை முடிவில் நடு வென்ட் 4.5. ஓட்டுநர் பக்க ஓர வென்ட் மட்டும் இன்னும் 3ஐத் தாண்டவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் அந்தக் குழாயின் இணைப்பு விலகியிருக்கும் என்று நினைக்கிறேன். மீட்டர் வயரிங் வேலைக்கு டாஷ்போர்டைக் கழற்றும்போது அதையும் பார்த்துவிடுவேன்.