விந்து டெஸ்ட் எடுத்த கிளினிக்: லேப் சூப்பர், கவுண்டர் சுமார்

கல்யாணமாகி மூணு வருஷம், வீட்டுல எல்லாரும் என் மனைவியையே பாக்குறாங்க, சரி முதல்ல நாமளே டெஸ்ட் எடுப்போம்னு பிரிக்பீல்ட்ஸ்ல பசியாறிட்டு கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு ஃபெர்ட்டிலிட்டி கிளினிக்குக்குப் போனேன். பேரு வேணாம். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஹாலுக்கே கேக்குற மாதிரி "செமன் டெஸ்ட்டா? கடைசியா எத்தனை நாள் முன்னாடி?"ன்னு கேக்குது, பக்கத்துல ஒரு பாட்டி வேற. சாம்பிள் ரூம் சுத்தம்தான், ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டாஃப் பேன்ட்ரி, மைக்ரோவேவ் டிங்குங்குது, நாசி லெமாக் பேச்சு ஓடுது, இதுல மனுஷன் என்னத்த பண்றது.

நாலு ஸ்டார் குடுக்குறது லேப்ல இருந்த அக்காவுக்காக. எனக்கு ஒரு மில்லிலிட்டர் விந்துல 11 மில்லியன் விந்தணு, 2021 டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) கணக்குல கீழ் எல்லை 16. மூஞ்சி செத்துப்போச்சு. அக்கா கூப்பிட்டு ஸ்கிரீன்ல காட்டுனாங்க, கட்டம் போட்ட கண்ணாடி மேல சிலது நேரா ஓடுது, ஒன்னு மட்டும் கார்பார்க்ல இடம் தேடுற மைவி கார் மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா தம்பி?"ன்னாங்க. ரெண்டு மாசம் முன்னாடி டிங்கி (டெங்கு) காய்ச்சல்! விந்தணு உருவாகி வெளிய வர ஏறக்குறைய ரெண்டரை மாசம் ஆகுமாம், அப்ப அடிச்ச சூடு இப்ப ரிசல்ட்ல தெரியலாமாம். யானைக்கு விரை வயித்துக்குள்ளயே இருக்கு, அதுக்கு ஒன்னும் ஆகல, நமக்குத்தான் உடம்பைவிட ரெண்டு மூணு டிகிரி கம்மியா வேணும்.

ஒய் குரோமோசோம் ஜீன் டெஸ்ட்டும் எடுக்கட்டுமான்னு கேட்டா, 5 மில்லியனுக்குக் கீழ போனா யோசிக்கலாம், இப்ப காசை வீணாக்காதீங்கன்னுட்டாங்க. அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அந்த டெஸ்ட்ல பாக்குற, விந்தணு உருவாகத் தேவையான டாஸ் ஜீனோட தாத்தா ஜீன் பழ ஈயிலயும் இருக்காம், அந்தத் தாத்தா ஜீன் கெட்டுப்போன ஈக்குள்ள மனுஷனோட தாத்தா ஜீனை வச்சா ஓரளவு வேலை செய்யுதாம், 60 கோடி வருஷப் பழசு. ஆனா விந்தணுவோட உருவம் இனத்துக்கு இனம் தலைகீழ், ஒரு வகைப் பழ ஈயோட விந்தணு நீளம் 5.8 சென்டிமீட்டர், ஈயே சில மில்லிமீட்டர்தான்!

பில்லுல கன்சல்டேஷன் தனியாப் போட்டுட்டாங்க, போன்ல எல்லாம் சேர்த்துன்னு சொன்னாங்க, முதல்லயே கேட்டுக்குங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை 8.30க்கே போறேன், பேன்ட்ரியில சாப்பாடு சூடு பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.