ஓவாஹி ஏரியில் இரண்டு நாள்: வால்ஐயா, ஸ்மால்மவுத்தா?

மினியாபொலிஸிலிருந்து மேற்கே ஆறேழு மணி நேரம் வண்டி ஓட்டினால் சவுத் டகோடாவின் தலைநகரான பியர் வந்துவிடும். ஊருக்குச் சற்று வடக்கே மிசௌரி ஆற்றை மறித்து நிற்கிறது ஓவாஹி அணை. 1948-ல் வேலை தொடங்கியது; 1962 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடி நேரில் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் 231 மைல் நீண்டு, நார்த் டகோடாவின் பிஸ்மார்க் பக்கம் வரை போகிறது. கரையைச் சுற்றி அளந்தால் 2,250 மைல். ஆழமான இடத்தில் 205 அடி.

இவ்வளவு பெரிய தண்ணீரில் ஒரு சனி ஞாயிறை வைத்துக்கொண்டு எந்த மீனுக்குப் போவது? நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் பல வருடம் யோசிக்காமல் வால்ஐ என்றுதான் சொன்னேன். அது சவுத் டகோடாவின் மாநில மீன். படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் அதற்குத்தான் வந்திருப்பார். சாப்பாட்டுக்கும் அதைவிட நல்ல நன்னீர் மீன் அந்தப் பக்கம் கிடையாது. ஆனால் இப்போது, முதல்முறை போகிறவர்களுக்கும் இரண்டே நாள் இருப்பவர்களுக்கும் ஸ்மால்மவுத் பாஸைத்தான் சொல்கிறேன்.

நடமாடும் மீனும் பாறையை விடாத மீனும்

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சுவையோ எடையோ இல்லை. வால்ஐ ஊர் சுற்றும், ஸ்மால்மவுத் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். குளத்தில் இது பெரிய விஷயமில்லை. 231 மைல் நீளமுள்ள ஏரியில் இதுதான் எல்லாமே.

வால்ஐயின் வருடத்தைப் பாருங்கள். ஏப்ரலில் பனிக்கட்டி உருகி, தண்ணீர் ஏழு எட்டு டிகிரி செல்சியஸுக்கு வந்ததும், கிராண்ட், மொரோ, ஷையென் ஆறுகள் ஏரியில் கலக்கும் வளைகுடாக்களுக்குள் ஏறும். சரளைக் கற்கள் மேல் முட்டையைத் தூவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். மே மாதம் ஏரியின் வடபகுதியில் இருக்கும் மோப்ரிட்ஜ் ஊர்ப் பக்கத்து ஆழமில்லாத நீரில் கிடைக்கும். ஜூனில் பெரிய ஏரியின் முனைகளுக்கு வரும். ஜூலை, ஆகஸ்டில் குளிர்ந்த நீரைத் தேடும் ஸ்மெல்ட் என்ற சிறு மீன் கூட்டத்தின் பின்னால் தெற்கே அணைப் பக்கம் நகர்ந்து, 30, 40 அடிக்குக் கீழே இறங்கிவிடும். போன வாரம் ஒருவர் கை நிறையப் பிடித்த இடத்தை நம்பி இந்த வாரம் போனால், மீன் பத்து மைல் தள்ளிப் போயிருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் தினமும் தண்ணீரில் இருப்பதால் அந்த நகர்வு அவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு போய் இறங்கும் நமக்கு அது தெரிய வழியில்லை.

ஸ்மால்மவுத்துக்குப் பாறை போதும். சரளையும் உருண்டைக் கல்லும் கலந்து தண்ணீருக்குள் நீளும் ஒரு கரைமுனை, பக்கத்தில் சட்டென்று ஆழமாகும் ஒரு விளிம்பு, ஐந்திலிருந்து பதினைந்து அடி நீர். கோடை முழுக்க அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் பதினைந்து பதினாறு டிகிரியைத் தொடும்போது ஆண் மீன் வாலால் சரளையை விலக்கித் தட்டு மாதிரி ஒரு கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு அதுவே காவல் நிற்கும். அணையின் முகத்தில் அடுக்கியிருக்கும் கற்களே அதற்கு நல்ல வீடு. இந்த வருடம் நீங்கள் கண்டுபிடித்த முனை, நீர்மட்டம் ரொம்ப மாறாவிட்டால், அடுத்த வருடமும் உங்களுடையதுதான்.

ஸ்மெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வால்ஐயின் தலையெழுத்தே அதனோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அது இந்த ஆற்றுக்குச் சொந்த மீன் இல்லை. 1970-களில் இங்கே வேரூன்றியது. 1997-ல் கடும் பனிக்காலத்துக்குப் பிறகு வெள்ளம் வந்து, அணையிலிருந்து ஏராளமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டபோது ஸ்மெல்ட் கூட்டம் கூட்டமாக அணை வழியாக வெளியேறிவிட்டது. உள்ளே வால்ஐ ஏராளம், இரை இல்லை. அடுத்த சில வருடங்கள் தலை பெரிதாக, உடல் மெலிந்த மீன்கள்தான் வந்தன. 2011 வெள்ளத்திலும் அதே கதை. எனவே வால்ஐக்குத் திட்டமிடுபவர் முந்தைய இரண்டு மூன்று வருட வெள்ளத்தையும் இரையையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஸ்மால்மவுத் பாறை இடுக்கில் இருக்கும், சின்னச் சிங்கி இறால் மாதிரியான கிரேஃபிஷையும் தின்று பிழைக்கும். ஸ்மெல்ட் குறைந்தால் அதற்கு அவ்வளவு அடி விழாது.

கண்

வால்ஐயின் கண்ணுக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதுபோல, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு வலைக்குள் கிடக்கும் மீன்மேல் தலைவிளக்கைத் திருப்பினால் அந்தக் கண் பால்வெள்ளையாக எரியும். முதன்முதலில் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அந்தக் கண்தான் அதன் வேளையையும் முடிவு செய்கிறது: விடியல், அந்தி, மேகமூட்டம், காற்று கிளப்பும் அலை.

ஓவாஹியில் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரையோரம் நிறைய இடங்களில் கறுப்புக் களிப்பாறைதான். ஊர்ப்பெயரை வைத்தே அதைப் பியர் ஷேல் என்பார்கள். அலை மோதும்போது அது கரைந்து, கரையை ஒட்டி ஒரு கலங்கல் பட்டை உருவாகும். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சேரும் கோட்டில், நடுப்பகலில்கூட, ஆறேழு அடி ஆழத்துக்கே வால்ஐ ஏறி வரும். அந்தக் கோட்டைத் தேடிப் போகத் தெரிந்தவருக்குக் காற்றடிக்கும் நாள் ரொம்ப நல்ல நாள்.

தெரியாதவருக்கோ, சின்னப் படகு வைத்திருப்பவருக்கோ அதே காற்றுதான் ஆபத்து. மறைப்பே இல்லாத புல்வெளி நாடு அது. வடக்கு தெற்காக நீண்ட ஏரியில் காற்று மைல்கணக்கில் ஓடிவந்து அலையை எழுப்பும். காலை எட்டு மணிக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் நீர், பத்து மணிக்குப் படகைத் தூக்கிப்போடும். பதினாறு அடிப் படகு என்றால் வளைகுடாவை விட்டு வெளியே போகாதீர்கள். மிதவை அங்கியைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

ஸ்மால்மவுத் வெயிலைப் பற்றி அவ்வளவு கவலைப்படாது. காலை பதினொரு மணிக்கு, குழந்தைகள் எழுந்து சாப்பிட்டு வந்த பிறகும் கடிக்கும். கரையில் நின்றே பிடிக்கலாம்.

தூண்டில் நரம்பின் மறுமுனை

வால்ஐ கடிப்பது பல நேரம் கடி மாதிரியே இருக்காது. ஈயக் குண்டு தரையில் டக், டக் என்று தட்டிக்கொண்டு வரும். திடீரென்று அந்தத் தட்டல் நின்று, ஈரத் துணியில் மாட்டிய மாதிரி ஒரு கனம். அவ்வளவுதான். அந்த நொடியில் இழுத்தால் மீன், யோசித்தால் வெறும் முள். கோடையில் பாட்டம் பவுன்சர் என்கிற வளைந்த கம்பி எடையின் பின்னால், சுழலும் தகடும் மண்புழுவும் கோத்து மெதுவாக இழுத்துப் போவார்கள். வசந்த காலத்தில் ஜிக், அதாவது ஈயத் தலை வைத்த முள், அதில் சிறு மீன் கோத்து. ஜூனில் அட்டைப்பூச்சி. ஆழம் காட்டும் சோனார் இல்லாமல் ஜூலையில் வால்ஐக்குப் போவது, முகவரி இல்லாமல் ஊருக்குள் வீடு தேடுவதுதான்.

ஸ்மால்மவுத் சந்தேகத்துக்கே இடம் வைக்காது. கம்பு வளையும், நரம்பு நீரைக் கிழிக்கும், வெண்கல நிற உடம்பு வெளியே பாய்ந்து தலையை உதறும். ஒரு ஜூன் மாதம் என் மச்சானும் அவர் பத்து வயது மகளும் கூட வந்திருந்தார்கள். முதல் நாள் முழுக்க வால்ஐ தேடி ஒரு சின்ன மீனோடு திரும்பினோம். பிள்ளை முகம் வாடிவிட்டது. மறுநாள் கரைமுனையில் நிறுத்தி, சின்ன ஜிக்கில் மென்மையான ரப்பர் புழுவைக் கோத்துக் கொடுத்தேன். ஐந்தாவது வீச்சிலோ ஆறாவதிலோ, "மாமா, இது குதிக்குது!" என்று கத்தினாள். முக்கால் கிலோ இருக்கும். ரீலைச் சுற்றவும் மறந்து பின்னாலேயே நடந்து மீனைக் கரையேற்றினாள். என் பதில் மாறியது அன்றைக்குத்தான்.

பெரிய மீன் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டு மீன்களின் உலகச் சாதனையும் இயற்கை ஏரியில் பிடிபட்டதல்ல, அணை நீர்த்தேக்கத்தில்தான். ஸ்மால்மவுத்தில் 11 பவுண்ட் 15 அவுன்ஸ், 1955-ல் டேல் ஹாலோ. வால்ஐயில் 25 பவுண்ட், 1960-ல் டென்னசியின் ஓல்ட் ஹிக்கரி. அதை ஏற்காதவர்கள் 1982-ல் ஆர்கன்சாவின் கிரீர்ஸ் ஃபெரியில் பிடித்த 22 பவுண்ட் 11 அவுன்ஸைச் சொல்வார்கள். அதுவும் நீர்த்தேக்கம்தான்.

அடுப்படியில்

இங்கே போட்டியே இல்லை, வால்ஐதான். வெள்ளைச் சதை, கவிச்சி கிடையாது, சிறு முள் மிகக் குறைவு. ஆனால் விரால் மாதிரி இறுக்கமான சதை இல்லை என்பதை மறக்கக் கூடாது. கொதிக்கும் குழம்பில் போட்டுக் கரண்டியால் கிளறினால் உதிர்ந்து காணாமல் போகும். புளிக்குழம்பு வற்றி, அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில் துண்டுகளை வைத்து, மூடிபோட்டு, சட்டியை மட்டும் ஆட்டுங்கள். அதைவிட, மிளகாய்த்தூளும் மஞ்சளும் எலுமிச்சையும் தடவி ரவையில் புரட்டி வறுப்பது நல்லது. ஸ்மால்மவுத்தைச் சாப்பிடலாம், சதை கெட்டி, வாசனை கொஞ்சம் தூக்கல். ஆனால் குளிர்ந்த நாட்டில் அது மெதுவாக வளரும் மீன். பெரிய ஸ்மால்மவுத்துக்கு வயது நிறைய இருக்கும். நான் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன்.

விடுவதிலும் வித்தியாசம் உண்டு. முப்பது அடிக்குக் கீழிருந்து இழுத்த மீனுக்கு, அழுத்தம் குறைந்து வயிற்றின் காற்றுப்பை ஊதிவிடும். விட்டாலும் நிறைய மீன் பிழைக்காது. எனவே கோடையில் ஆழத்தில் வால்ஐ பிடிப்பவர் விளையாட்டுக்காகப் பிடித்துப் பிடித்து விடக் கூடாது. சாப்பிடத் தேவையானதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். பத்தடியில் பிடித்த ஸ்மால்மவுத் விட்ட கையோடு ஓடிவிடும். கூட்டில் காவல் நிற்கும் ஆண் மீனை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். அதைத் தூக்கிய சில நிமிடத்தில் சின்ன மீன்கள் முட்டையைக் காலி செய்துவிடும்.

உங்கள் முள் எதிலாவது மாட்டி அறுந்தால், அது பெரும்பாலும் மூழ்கிய மரமாக இருக்கும். ஆற்றங்கரைக் காட்டன்வுட் காடுகள் அவை. சியூ பழங்குடியினருக்கான ஷையென் ரிவர், ஸ்டாண்டிங் ராக் என்ற இரு ஒதுக்கீட்டுப் பகுதிகளிலிருந்து ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் இந்த ஏரிக்காக மூழ்கியது. விறகும் வேட்டையும் மூலிகையும் தந்த நல்ல நிலம் அதுதான். வீடுகளைப் பெயர்த்து மேட்டுக்குப் போனார்கள். அந்த மரங்களைச் சுற்றித்தான் இன்று மீன் நிற்கிறது. மேற்குக் கரையில் இறங்கும் முன் அது யாருடைய எல்லை, எந்த அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது? சனிக்கிழமை முழுக்க ஸ்மால்மவுத்: அணைக்கல் ஓரமோ வளைகுடா முனையோ, மெல்லிய நரம்பு, சின்ன ஜிக். அன்று மாலை சூரியன் இறங்கும்போது அதே முனையின் ஆழமான விளிம்பில் அட்டையோ மண்புழுவோ போட்டு இருட்டும்வரை இருங்கள். வால்ஐ வந்தால் அப்போது வரும். ஞாயிறு விடியலில், காற்று அனுமதித்தால் மட்டும், வால்ஐக்குப் படகை எடுங்கள். சவுத் டகோடாவில் பொது வரம்பு நாளுக்கு 4 வால்ஐ, அதில் 20 அங்குலமோ அதற்கு மேலோ ஒன்றுதான். அந்த வருடக் கையேட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் நான் சொன்னதைத் தலைகீழாக்குங்கள். முதல் மூன்று நாள் வால்ஐ எங்கே நகர்கிறது என்று தேடுவதற்கே போகும். நான்காம் நாளிலிருந்து, பனிப்பெட்டியும் ரவையும் தயாராக இருக்கட்டும்.