ஆறு பேர், ஒரு கப்பல், டிசம்பர் விடுமுறை

2020 அக்டோபர் 8ஆம் தேதி, சொகுசுக் கப்பல்கள் மறுபடியும் ஓடும் என்று சிங்கப்பூர் சுற்றுலாக் கழகம் அறிவித்தது. அன்று ராத்திரியே அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டாள்: “டிசம்பர் லீவுக்குக் கப்பலா?” எங்கள் குழுவில் இட்லி படம் போட்டால்கூட ஒரு நிமிடத்தில் பத்துப் பதில் வரும். இதற்கு மறுநாள் மத்தியானம்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த பிப்ரவரியில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற கோலத்தை அம்மா தினமும் செய்தியில் பார்த்தார். 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று. அப்புறம் மலேசியாவும் தாய்லாந்தும் திருப்பி அனுப்பிய கோஸ்டா ஃபார்ச்சூனா மார்ச் 10ஆம் தேதி சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தது. மூன்றே நாளில் நம் துறைமுகம் எல்லாச் சொகுசுக் கப்பல்களுக்கும் மூடப்பட்டது. ஏழு மாதம் கழித்துத் திறக்கிறார்கள் என்றால், நம்புவதா வேண்டாமா?

விதிகள் கறாராகத்தான் இருந்தன. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும் ஏறலாம். பாதிக் கொள்ளளவு. எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. மரினா பேயில் கிளம்பி, கடலில் ஒரு சுற்றுப் போய்விட்டு மரினா பேக்கே திரும்பும். ‘க்ரூஸ்சேஃப்’ என்ற பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிய கப்பல்களுக்கே அனுமதி. முதலில் நவம்பர் 6ஆம் தேதி வேர்ல்ட் டிரீம், பிறகு டிசம்பர் தொடக்கத்தில் குவாண்டம் ஆஃப் த சீஸ்.

ஆக, எங்கள் முன்னால் நான்கு வழிகள். இந்த இரண்டு கப்பல்களில் ஒன்று, உள்ளூர்ச் சுற்றுலாவுக்கு அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டை வைத்து ஹோட்டல், இல்லையென்றால் எல்லாம் சரியாகும்வரை காத்திருப்பது. வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு வழியாகப் போனோம். அதனால்தான் இப்போது உட்கார்ந்து ஒப்பிட முடிகிறது.

அந்த நேரத்தில் எல்லாரும் நீச்சல் குளத்தையும் சாப்பாட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணக்கு வேறு. நாங்கள் ஆறு பேர்: எழுபது தாண்டிய அம்மா, அப்பா, நானும் மனைவியும், ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். ஒரே வீடு. ஆறில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் மற்ற ஐந்து பேரும் நெருங்கிய தொடர்பு. ஒருவர் நின்றால் ஆறு பேரும் நிற்க வேண்டும். தனியாளுக்கு இந்தப் பிரச்சினை ஒரு மடங்கு, எங்களுக்கு ஆறு மடங்கு. எந்த வழியில் போனால் அந்த ஒரு ‘பாசிட்டிவ்’ எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் தெரியவரும்? நான் பார்த்தது இதைத்தான்.

இரண்டு கப்பல்கள்

வேர்ல்ட் டிரீம் பயணம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று இரவு. குவாண்டம் மூன்று அல்லது நான்கு இரவு. கப்பலிலும் குவாண்டம்தான் பெரிது: 2014இல் கட்டியது, மொத்தக் கொள்ளளவு 1,68,000 டன்னுக்கு மேல். வேர்ல்ட் டிரீம் 2017இல் வந்தது, ஒன்றரை லட்சம் டன். பிள்ளைகளைக் கேட்டால் போட்டியே இல்லை. கடலுக்கு மேலே தொண்ணூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் கண்ணாடிக் கூண்டு, காற்றில் மிதக்கும் கூடம், முட்டி மோதும் கார் எல்லாம் குவாண்டத்தில் இருந்தன. என் பெண் அந்தக் கூண்டின் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது பரிசோதனை. வேர்ல்ட் டிரீமில் ஏறும் அன்று, மரினா பே நிலையத்திலேயே விரைவுப் பரிசோதனை. குவாண்டத்துக்கு அப்போது புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பிசிஆர் எடுத்துவிட வேண்டும். கேட்பதற்கு வெறும் நடைமுறை வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் மச்சான் குடும்பம் வேர்ல்ட் டிரீமில் போனது. பெட்டி படுக்கையோடு, பையன் தோளில் நீச்சல் வளையம் மாட்டியபடி, நாற்காலிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு உட்கார்ந்து முடிவுக்காகக் காத்திருந்தார்கள். “அந்த அரை மணி நேரத்தில் ஓ லெவல் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது” என்றார் மச்சான். பையன் மூன்று தடவை கேட்டானாம், “நமக்கு வந்துட்டா வீட்டுக்கா?” என்று. வரவில்லை, போனார்கள், சந்தோஷமாகத் திரும்பினார்கள். அதுவும் சரி.

குவாண்டத்தில் பதிவு செய்திருந்த எங்களுக்கு அந்தப் பதற்றம் வேறு மாதிரி வந்தது. அம்மா சுவாப் எடுத்துவிட்டு மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். “மூளை வரைக்கும் விட்டுட்டாங்க” என்றார். முடிவு வரும்வரை வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தோம், பெட்டி காலியாக இருந்தது. பாசிட்டிவ் என்றால் கஷ்டம்தான், ஆனால் கையில் பெட்டியோடு நிலையத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கு வீட்டிலிருந்தபடியே முடிவு தெரிவதுதான் நல்லது. நாலே பேர், இரண்டே நாள், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஏறித் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு மச்சான் வழிதான் சுலபம்.

எங்களுக்குத் தொந்தரவு கொடுத்தது சாப்பாட்டு மேஜை. டிசம்பர் 28 வரை ஒரு மேஜைக்கு ஐந்து பேர்தான். அதற்குப் பிறகே எட்டு. நாங்கள் போனது மூன்றாம் வாரம். ஆறு பேர், ஆகவே இரண்டு மேஜை. அப்பாவும் பையனும் ஒன்றில், மற்ற நால்வர் அடுத்ததில். பையன் ஒரு மீட்டர் இடைவெளி தாண்டிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே சாப்பிட்டான். பஃபேயில் நாமே அள்ளிக்கொள்ள முடியாது, பணியாளர்தான் எடுத்துப் போடுவார். அப்பாவுக்கு அதில் பெரிய திருப்தி. “கல்யாணப் பந்தி மாதிரி இருக்கு” என்றார்.

அறை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்

டிசம்பர் 9ஆம் தேதி காலை எழுந்தால் குழுவில் அறுபது செய்தி. குவாண்டம் ஒரு நாள் முன்னதாகவே மரினா பேக்குத் திரும்பிவிட்டது. வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போன 83 வயதுக்காரருக்கு அங்கே எடுத்த பரிசோதனையில் பாசிட்டிவ். பயணிகள் 1,680 பேர், சிப்பந்திகள் 1,148 பேர். பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இறங்கத் தொடங்க இரவாகிவிட்டது. நாங்கள் முன்பதிவு செய்து வைத்திருந்த அதே கப்பல்.

கடைசியில் கரையில் எடுத்த மறு பரிசோதனைகளில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. ஒருவருடைய வயிற்றுக் கோளாறில் அத்தனை பேர் பயணமும் முடிந்தது. சிலர் இதைக் கேட்டு ரத்து செய்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது என்று சொன்னால் மனைவி இன்றும் சிரிப்பாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். யோகோஹாமாவில் வாரக்கணக்கில் இழுத்தது இங்கே ஒரே நாளில் முடிந்தது. காரணம், கப்பல் தூரமாகப் போகவே இல்லை. அனுமதி கேட்க வேண்டிய வெளிநாட்டுத் துறைமுகம் எதுவும் இல்லை. ஊர் பார்க்க முடியாத பயணம் என்று எல்லாரும் கேலி செய்த அதே விஷயம்தான் காப்பாற்றியது.

அன்று நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று, அறை. ஜன்னலே இல்லாத உள்ளறைகளை மலிவு என்று பதிவு செய்திருந்தேன். சாதாரண நாளில் தூங்கத்தானே அறை, உள்ளறை போதும். ஆனால் “அறையை விட்டு வெளியே வராதீர்கள்” என்று அறிவிப்பு வந்தால், ஐந்து வயதுப் பையனோடு ஜன்னலில்லாத அறையில் ஒரு பகல் முழுக்க? கூடுதல் பணம் கட்டிப் பால்கனி அறைகளுக்கு மாறினேன். பெரியவர்களுக்குப் பக்கத்து அறை. அப்படி எதுவும் நடக்கவில்லை, பணம் வீண் என்று சொல்லலாம். ஆனால் 2021 ஜூலை 14ஆம் தேதி வேர்ல்ட் டிரீமுக்கும் அதே கதை நடந்தது. கரையில் தொற்று வந்த ஒருவருடன் தொடர்பிலிருந்த பயணிக்குப் பாசிட்டிவ். கப்பல் முன்னதாகவே திரும்பியது, 1,646 பயணிகள் அறைகளில் காத்திருந்தார்கள். ஆக, எந்தக் கப்பல் என்பதைவிட எந்த அறை என்பதற்கு அதிகம் யோசித்திருக்க வேண்டும்.

ஹோட்டல்

தம்பி இதைத்தான் எடுத்தான். கைக்குழந்தை இருந்ததால் அவனுக்கு வேறு வழியும் இல்லை. 18 வயதும் அதற்கு மேலுமான ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் 100 வெள்ளி, ஆக இரண்டு பேருக்கு 200. செந்தோசாவில் ஓர் இரவுக்குப் பெரிய உதவி. பரிசோதனை கிடையாது. யாருக்காவது சளி என்றால் டாக்சி பிடித்து வீடு. என் ‘ஆறில் ஒருவர்’ கணக்குப்படி பார்த்தால் இதுதான் முதலிடம்.

ஆனாலும் அவன் புலம்பிக்கொண்டேதான் வந்தான். ஊரே பற்றுச்சீட்டோடு கிளம்பியிருந்தது. அறைச் சாவி வாங்க இரண்டு மணி நேரம் வரிசை, குளத்தில் இறங்க ஒரு மணி நேர முன்பதிவு, அதுவும் காலை எட்டு மணிதான் கிடைத்ததாம். ஹோட்டல் பெயர் வேண்டாம், அந்த மாதம் எல்லா இடத்திலும் அதே கதைதான். இன்னொன்று, ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது நம் ஊர்தான். கப்பலும் எங்கும் போகவில்லை, உண்மைதான். ஆனால் காலையில் திரையை விலக்கினால் நாலு பக்கமும் தண்ணீர். எட்டு மாதம் ஈசூன் அடுக்குமாடியில் அடைந்து கிடந்தவர்களுக்கு அது வெளிநாடு.

காத்திருந்தவர்கள்

அக்காதான் கேள்வியை ஆரம்பித்தவள். கடைசியில் அவள் போகவில்லை. காரணம் பணம், அதாவது பணமாக இல்லாத பணம். அவளும் நானும் 2020 ஜூனுக்கு ஒரே நிறுவனத்தில் பதிவு செய்திருந்தோம். அவர்கள் ரத்து செய்தபோது இரண்டு வாய்ப்பு: முழுப் பணமும் திரும்ப வாங்கலாம், அல்லது 125 விழுக்காடு மதிப்பில் அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். நான் பணத்தைக் கேட்டேன். கைக்கு வர நாலு மாதம் ஆனது, எத்தனை முறை தொலைபேசியில் பாட்டுக் கேட்டேன் என்பது எனக்கே தெரியாது. அக்கா வரவை எடுத்தாள். ஐந்து பேர், ஆளுக்கு 1,000 வெள்ளி கட்டியது 1,250 ஆனது. “வங்கி தருமா இருபத்தைந்து விழுக்காடு?” என்று என்னைக் கேட்டாள். பதில் இல்லை.

குவாண்டத்தை ஓட்டும் ராயல் கரீபியன் நிறுவனம் மூன்றாவதாக இன்னொரு வழியும் வைத்திருந்தது: அதே பயணத்தை அடுத்த ஆண்டு அதே பருவத்துக்கு, கட்டிய விலையிலேயே நகர்த்திவிடலாம். விடுமுறை மாத விலைக்குப் பயப்படும் பெற்றோருக்கு இது தேன். ஆனால் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2021 ஜூன் விடுமுறைக்கு நகர்த்தியவர்கள் நேராகப் போய் முட்டிக்கொண்டார்கள். மே 16 முதல் மறுபடி கட்டுப்பாடு, வெளியே இரண்டு பேருக்கு மேல் சேரக்கூடாது, கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. டிசம்பரில் போனது துணிச்சல் என்று நினைத்தோம். உண்மையில் அதுதான் நல்ல நேரம்.

அமெரிக்காவில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் நமக்குக் குழப்பம் குறைவு என்றே சொல்லுவேன். அங்கே 2021 ஜூன் 26ஆம் தேதிதான் முதல் பெரிய கப்பல் பயணிகளோடு ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பியது. தடுப்பூசி போட்டவர்களே வேண்டும் என்று கப்பல் நிறுவனங்கள் சொல்ல, சான்று கேட்கவே கூடாது என்று ஃப்ளோரிடா சட்டம் சொன்னது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. பிள்ளை உள்ள குடும்பம் எந்தப் பக்கம் போகும்?

வரவு விஷயத்துக்கு வருகிறேன். 125 விழுக்காடு என்பது அந்த நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான். 2022 ஜனவரியில், வேர்ல்ட் டிரீமின் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் தன்னைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போனது. மார்ச் தொடக்கத்தில் அந்தக் கப்பலின் சிங்கப்பூர்ப் பயணங்கள் முடிந்தன. அதே குழுமத்தின் கிறிஸ்டல் சிம்ஃபனி கப்பல் மயாமிக்கு வந்தால் எரிபொருள் பாக்கிக்காகக் கப்பலையே பிடித்து வைப்பார்கள் என்று ஆனதும், பயணிகளோடு பஹாமாஸ் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த வாரம் அக்கா என்னைத் தினமும் கூப்பிட்டாள். அவளுடையது வேறு நிறுவனம், தப்பித்தது. ஆனாலும் கையில் பணமா வரவா என்று இன்று யாராவது கேட்டால், தயங்காமல் பணம் என்பேன், நாலு மாதம் தொலைபேசிப் பாட்டுக் கேட்டாலும்.

2022 ஜூன் கடைசியில் ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கிள்ளான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் கிளம்பியது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு கப்பலேறி ஓர் ஊரில் கால் வைக்கலாம் என்று ஆனது. அக்காவும் அந்த ஆண்டு டிசம்பருக்குத் தன் நிறுவனத்தில் பதிவு செய்ய உட்கார்ந்தாள். விலை ஏறியிருந்தது, பரவாயில்லை, வரவு இருக்கிறதே. அப்போதுதான் சின்ன எழுத்தைப் படித்தாள்: வரவு ஆளுக்காள் தனித்தனி, ஒருவருடையதை மற்றவருக்கு மாற்ற முடியாது. மூத்தவன் அதற்குள் கட்டாயத் தேசிய சேவைக்குப் போய்விட்டான், அந்த வாரம் விடுப்புக் கிடைக்கவில்லை. இரண்டாவது பெண்ணுக்குத் தேர்வு முடிந்து தோழிகளோடு பாங்காக் போக வேண்டுமாம். ஐந்து பேர் வரவில் மூன்று பேர் போனார்கள். கிளம்பும் அன்று குழுவில் படம் போட்டாள்: நாலு பேர் மேஜையில் மூன்று தட்டு.