கதவைத் திறந்தால் 'டப்': சிங்காநல்லூரில் ஒரு மைக்ரோவேவ் ரிப்பேர் கடை

கோவை சிங்காநல்லூரில், திருச்சி ரோட்டை ஒட்டி எங்கள் பேக்கரி. டீ, தேங்காய் பன், வர்க்கி, பப்ஸ். ஷோகேஸில் இருக்கும் பப்ஸைச் சூடாக்கிக் கொடுக்க ஒரு 20 லிட்டர் மைக்ரோவேவ் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வாங்கும் சாதாரண சோலோ மாடல்தான். கடைகளுக்கென்றே செய்த மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வந்தவன் நான். (மைக்ரோவேவில் வைத்தால் பப்ஸ் நமத்துப் போகும் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு 20 செகண்டில் சூடு வேண்டும்.)

ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறையாவது அதன் கதவு திறந்து மூடும். வீட்டில் பத்து முறை திறந்தாலே அதிகம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த வில்லங்கமே அந்தக் கதவில்தான்.

முதல் ஒரு மாதம் சின்னச் சின்ன அறிகுறிகள். கதவைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். சில நேரம் கதவு மூடியிருக்கும், உள்ளே லைட் மட்டும் அணையாமல் எரியும். கடைப் பையன் முழங்கையால் ஒரு இடி கொடுப்பான், ஓட ஆரம்பித்துவிடும். சரி, ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு சாயங்காலம், பப்ஸ் சூடாகிக்கொண்டிருக்கும்போதே பையன் கதவைத் திறந்தான். 'டப்' என்று ஒரு சத்தம். மெஷின் செத்துவிட்டது.

பக்கத்தில் எல்லா மிஷினும் பார்க்கும் ஒருவர் வந்தார். பியூஸ் போயிருக்கிறது என்று மாற்றிவிட்டு 250 ரூபாய் வாங்கினார். இரண்டு நாளில் மறுபடி 'டப்'. மறுபடி வந்தார், மறுபடி 250. 'இனிமே போகாதுங்க' என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், பியூஸ் போகவில்லை. அடுத்த வாரம் அதே மாதிரி கதவைத் திறந்தபோது கடையின் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் மெயினை வெட்டும் ஸ்விட்ச்) விழுந்து, டீக்கு நின்ற கூட்டம் மொத்தமும் இருட்டில் நின்றது. ஏன் என்று பிறகு தெரிந்தது.

கம்பெனி சர்வீசையும் கூப்பிட்டேன். வந்த பையன் மேல்மூடியைக் கழற்றவே இல்லை. 'போர்டு போயிருக்கு சார், 3,850 ஆகும்' என்றான். வந்ததற்கு மட்டும் 450.

அதற்குப் பிறகுதான் ஒரு டீ வாடிக்கையாளர் சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். உழவர் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது. பழைய மிக்சி மோட்டார்களும் கிரைண்டர் கல்லும் வாசலில் கிடக்கும், அதுதான் அடையாளம். உள்ளே அறுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். மெஷினைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'கதவத் தொறக்கறப்பப் போச்சுங்களா தம்பி, இல்ல ஓடிட்டு இருக்கறப்பவே போச்சுங்களா?'

தொறக்கறப்ப என்றேன்.

'தானா நின்னதுக்கப்புறம் தொறந்தா ஒண்ணும் ஆகாது. நடுவுல தொறந்தாத்தான் டப்புங்குது. அப்படித்தானுங்களே?'

அப்படியேதான். அதுவரை எனக்கே அது உறைக்கவில்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் கேட்காத கேள்வி. இந்த ஒன்றுக்காகவே நான் முழு மதிப்பெண் போடுவேன்.

மூடியைக் கழற்றினார். கழற்றியதும் எதையும் தொடவில்லை. கெப்பாசிட்டர் என்று உருளையாக ஒன்று இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாமாம். பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை வைத்து முதலில் அதைத் தீர்த்தார். வீட்டிலேயே வீடியோ பார்த்து மைக்ரோவேவைக் கழற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை நின்று யோசியுங்கள்.

கதவில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் உண்டு, பார்த்திருப்பீர்கள். அவை முன்பக்கத் துளைகளுக்குள் போய் மூன்று சின்ன ஸ்விட்சுகளைத் தள்ளுகின்றன. எங்கள் மெஷினில் மேல் கொக்கிக்கு ஒன்று, கீழ்க் கொக்கிக்கு இரண்டு. தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும், அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். மைக்ரோ ஸ்விட்ச் என்பது இதுதான். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் வேலை ஒன்றல்ல.

'முதல் ரெண்டும் வாட்ச்மேனுங்க. கதவு மூடுனா கரண்ட்ட உள்ள விடுவாங்க, தொறந்தா நிறுத்திருவாங்க. மூணாவது ஆளு, அவங்க ரெண்டு பேரும் தூங்கறாங்களான்னு பாக்கறவன். கதவு தொறந்தும் கரண்ட் உள்ள போச்சுன்னா, அவன் ஷார்ட் பண்ணி பியூஸக் கொன்னுருவான்.'

அதாவது மூன்றாவது ஸ்விட்ச் தலைகீழ். கதவு மூடியிருக்கும்போது அது பிரிந்திருக்கும், திறந்ததும் சேரும். முன்னால் இருப்பது ஒழுங்காகக் கரண்ட்டை வெட்டியிருந்தால் அது சேர்ந்தும் ஒன்றும் ஆகாது. வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஷார்ட், பியூஸ் காலி. கோளாறு என்று நான் திட்டிக்கொண்டிருந்த 'டப்', உண்மையில் மெஷின் ஒழுங்காக வேலை செய்த சத்தம். டிப்ளமோ படிக்கும் என் மகன் அன்று இரவு தேடிப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் இப்படி இரண்டு காவலும் ஒரு கண்காணிப்பும் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றான்.

பெரியவர் மல்டிமீட்டரை வைத்தார். முதல் ஸ்விட்சை அழுத்தாமலேயே 'பீப்' என்று கத்தியது. அழுத்தினால் மட்டும்தான் கத்த வேண்டும். நான் நம்பாத மாதிரி பார்த்தேனோ என்னவோ, பிளேடால் அதை இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே பித்தளைத் தகட்டில் இரண்டு புள்ளிகள் கறுத்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும். நிறுத்தாமல் கதவைத் திறந்தால் அந்தக் கரண்ட் துண்டாகும் இடத்தில் ஒரு தீப்பொறி பறக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பொறி என்று கணக்குப் போட்டால் எங்கள் பையனுக்குத்தான் பில் அனுப்ப வேண்டும்.

கீழே இருந்தவற்றில் ஒன்று, அழுத்தினால் ஒரு முறை பீப், இரண்டு முறை மௌனம். கையால் கதவை அழுத்த வேண்டியிருந்ததும் லைட் அணையாததும் இதனால்தான். மூன்றாவது, ஒவ்வொரு 'டப்'புக்கும் ஷார்ட்டைத் தாங்கியே கருகிப்போயிருந்தது. அதனால் பியூஸ் இப்படிப் போனால் ஸ்விட்சுகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும், பியூஸை மட்டும் மாற்றுவது வேலையே இல்லை என்றார்.

அப்புறம் பியூஸை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கம்பெனி போட்டிருந்தது 10 ஆம்பியர் பீங்கான் பியூஸ். என்னிடம் 'இனிமே போகாது' என்று சத்தியம் செய்தவர் வைத்தது 20 ஆம்பியர் கண்ணாடி பியூஸ். 'இவன் வீட்டு அடுப்புல இப்படி வெப்பானுங்களா?' என்று கேட்டார். ஷார்ட் ஆனபோது அந்தப் பெரிய பியூஸ் போகாமல் தாங்கிவிட்டது; கடை மெயின் விழுந்ததன் ரகசியம் அதுதான்.

நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன். ஸ்விட்சாகத்தான் இருக்கும் என்று யாரோ சொல்லி, ஆன்லைனில் ஐந்து ஸ்விட்ச் 200 ரூபாய்க்கு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். 5 ஆம்பியர் ஸ்விட்ச். இதற்கு 16 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டது வேண்டும். அதோடு நான் வாங்கிய ஐந்தும் அழுத்தினால் சேர்கிற வகை. மூன்றாவது இடத்துக்கு அழுத்தினால் பிரிகிற வகை வேண்டும். அங்கே இதை மாட்டியிருந்தால் கதவை மூடி ஸ்டார்ட் பட்டனைத் தொட்டதும் பியூஸ் போயிருக்கும்.

'ஸ்விட்சே இல்லாம வயரை நேரா குடுத்துட முடியாதுங்களா?' என்றும் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, கண்ணில் லென்ஸ் இருக்கிறதே, அதில் ரத்த ஓட்டம் கிடையாது, சூட்டை இறக்கிவிட வழி இல்லை, கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் அது சுலபமாகக் கெட்டுப்போகும் என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

புது ஸ்விட்சுகளை மாட்டியதும் கதவை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து மூடி மீட்டரைக் கவனித்தார். முதல் இரண்டும் விட்ட பிறகுதான் மூன்றாவது பிடிக்க வேண்டுமாம். கொக்கி தேய்ந்தாலோ ஸ்விட்ச் உட்காரும் பிளாஸ்டிக் சட்டம் ஆடினாலோ இந்த வரிசை மாறிவிடும். எல்லா ஸ்விட்சும் புதிதாக இருந்தும் பியூஸ் போகும். எங்கள் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூ லூஸ், அதையும் முறுக்கினார். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து ஓட்டி, கதவு ஓரமாக, மைக்ரோவேவ் கசிவை அளக்கும் ஒரு சின்ன மீட்டரைக் கொண்டுபோனார். 5 செ.மீ. தள்ளிப் பிடித்தால் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட் தாண்டக்கூடாது. எங்களுடையது ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மூன்று ஸ்விட்ச் 180, பியூஸ் 20, கூலி 350. மொத்தம் 550 ரூபாய். ஏழு மாதம் ஆகிறது, அதே நூற்றைம்பது முறை திறந்து மூடுகிறோம், சத்தமில்லை.

குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வரமாட்டார், மெஷினை நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார். வாரண்டி என்ற வார்த்தையைச் சொன்னால் சிரிப்பார். 'நாளைக்கு' என்றால் மூன்று நாள். என் மெஷின் அங்கே இரண்டு இரவு கிடந்தது. ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன், அந்த ஒன்றைக் குறைத்தது இந்த 'நாளைக்கு'க்காக.

போகிறவர்கள் மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை போக வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பிளந்த ஸ்விட்சைக் கேட்டு வாங்கி வந்தேன். மைக்ரோவேவ் மேலேயே செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், பையன் கண்ணில் படுகிற மாதிரி. இப்போதெல்லாம் முதலில் ஸ்டாப் பட்டனை அழுத்துகிறான். நான் பார்க்கும்போதாவது.