ஹயபுசாவுக்கு டர்போவா, நேராக நிஞ்சா எச்2-வா?

கையில் சுசூகி ஹயபுசா பைக் இருக்கிறது, இன்னும் வேகம் வேண்டும் என்றால் இரண்டு வழி. வீட்டு ஷெட்டிலேயே டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பூட்டலாம். அல்லது அதை விற்றுவிட்டு, 2015-இல் வந்த கவாஸாகி நிஞ்சா எச்2-வை வாங்கலாம்.

எச்2-வின் 998 சிசி எஞ்சின் சூப்பர்சார்ஜரோடுதான் வருகிறது; அதே காற்றுத் திணிப்பை எஞ்சினின் சுழற்சியாலேயே செய்யும் கருவி இது. அது கிராங்க்கோடு (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) பல்சக்கரங்களால் இணைந்திருப்பதால், த்ராட்டிலைத் திருகியதும் அழுத்தம் தாமதமின்றி ஏறும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றுக் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம், 8.5:1 தான், காற்றைத் திணிப்பதற்கென்றே வடிவமைத்தது. சுமார் 200 குதிரைத்திறன், சாவி போட்டால் போதும்.

ஹயபுசா அப்படியில்லை. 2008-இல் வந்த 1340 சிசி எஞ்சினின் கம்ப்ரஷன் 12.5:1. அதன்மேல் டர்போவும் காற்றைத் திணித்தால் நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வந்து பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். அதனால் கம்ப்ரஷனைக் குறைக்க சிலிண்டருக்கு அடியில் ஸ்பேசர் தகடு, அல்லது கம்ப்ரஷன் குறைந்த ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வேண்டும். அப்புறம் எரிபொருளைப் பீய்ச்ச பெரிய இன்ஜெக்டர், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனிங், பலமான கிளட்ச். பலரும் கோட்டை விடுவது எண்ணெய் திரும்பும் குழாயில்தான். டர்போ தாழ்வாக உட்கார்ந்தால் எண்ணெய் தானாக வடியாது, தனி பம்ப் வேண்டும். இல்லையென்றால் சீல் வழியே கசிந்து, சைலன்சர் நீலப் புகை கக்கும்.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு என் ஓட்டு ஹயபுசாவுக்கே. உள்பாகங்களைப் பலப்படுத்தினால் 300 குதிரைத்திறன் எட்டாக்கனி அல்ல, செலவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். ஆனால் அது ட்ராக்குக்கு மட்டும். நம் சாலைகளில் எஞ்சினை இப்படி மாற்றி ஓட்டுவது சட்டவிரோதம். தினமும் ரோட்டில் ஓட்ட வேண்டுமா? எச்2-வே சரி.