மார்பகத்துக்கு ஒரு கணக்கு, சினைப்பைக்கு வேறு கணக்கு

அத்தை இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்து லயத்தில் இருந்தோம். வயிறு நீர் கோத்து, கைலி இடுப்பில் நிற்கவில்லை. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சினைப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது.

பிறகு அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. ரத்தத்தைச் சோதித்ததில், புற்றுநோய் வராமல் காக்க உதவும் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பழுது. அப்பா வழியில் வந்திருக்கிறது. பெண்கள் நோய் அப்பாவிடமிருந்து எப்படி என்று வீட்டில் நம்பவே இல்லை. ஆண்களுக்கும் அந்த மரபணு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் வந்திருக்கிறது. வயது 38, பிள்ளைகள் இரண்டு.

இந்தப் பழுது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது சுமார் 72 சதவீதம் பேருக்கு, சினைப்பையில் 44. பிஆர்சிஏ2 என்ற இன்னொரு மரபணுவில் பழுது என்றால் 69, 17. இனி இரண்டு வழி: வருடாவருடம் பரிசோதிப்பது, அல்லது முன்கூட்டியே அகற்றுவது.

மார்பகத்துக்கு இரண்டுமே நியாயமான வழி. அகற்றினால் ஆபத்து 90 சதவீதத்துக்கும் மேல் குறையும். ஆனால் மார்பில் உணர்ச்சி போய்விடும், தேறி எழ வாரக்கணக்கில் ஆகும். எம்ஆர்ஐ ஸ்கேனும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் நோயைத் தடுக்காது, சின்னதாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும். ஸ்கேனுக்குப் போகும் நாளில் சம்பளம் போகும், முடிவு வரும்வரை தூக்கமும் போகும். இருந்தும் நான் பரிசோதனையைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சினைப்பைக்கு அந்தத் தைரியம் எனக்கு இல்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான சாதாரணப் பெண்களை ஓர் ஆய்வில் சேர்த்து, அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு சிஏ-125 ரத்தச் சோதனையோ ஸ்கேனோ செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021ல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை. இந்த நோய் பெரும்பாலும் சினைப்பைக்கும் கருப்பைக்கும் இடையிலுள்ள சினைக்குழாயின் நுனியில் சத்தமில்லாமல் தொடங்குகிறது. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்கு, பிஆர்சிஏ1 என்றால் 35லிருந்து 40க்குள், சினைப்பையோடு குழாயையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதற்கும் விலை உண்டு. மாதவிடாய் ஒரே நாளில் நின்று, உடம்பு திகுதிகுவென்று எரியும், எலும்பு தேயும். எனக்கு இன்னும் மார்பகப் புற்றுநோய் வராததால் ஹார்மோன் மருந்து தரலாம் என்கிறார் டாக்டர். அக்காவுக்கு அது சரிப்படாது.

அடுத்த மாதம் ஆபரேஷன். அத்தை மகள்கள் இரண்டு பேர் இன்னும் சோதிக்கவில்லை. அவர்களுக்கு இந்த ஒரு பழுதை மட்டும் தேடினால் போதும். 'இல்லை' என்று வந்தால், இந்தப் பழுது அவர்களிடம் இல்லைதான். அக்காவின் ரிப்போர்ட்டைப் போட்டோஸ்டேட் எடுத்து இரண்டு பேர் கையிலும் கொடுத்திருக்கிறேன்.