வேகமா, அழுத்த இழப்பா? ஸ்டீம், கேஸ் குழாய்களின் விட்டத்தை எதை வைத்து முடிவு செய்வது

தொழிற்சாலைக் குழாயின் விட்டத்தை முடிவு செய்ய இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே ஓட வேண்டிய வேகத்தை முதலில் வைத்துக்கொண்டு விட்டத்தைக் கணக்கிடுவது ஒன்று. கடைசி முனை வரை எவ்வளவு அழுத்தத்தை இழக்கலாம் என்று தீர்மானித்து, அதற்குள் அடங்கும் விட்டத்தைத் தேடுவது இன்னொன்று. முதலாவது ஐந்து நிமிட வேலை என்பதால் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்டீமில் அது பல நேரம் காப்பாற்றிவிடும். குறைந்த அழுத்தக் கேஸில் காலை வாரிவிடும்.

முதலில் ஸ்டீம். 7 பார் கேஜ் அழுத்தத்தில் (அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 7 பார்) ஒரு கிலோ நிறைவுற்ற நீராவி (கொதிநிலையிலேயே இருக்கும் ஸ்டீம்; அழுத்தம் குறைந்தால் அதன் வெப்பநிலையும் குறையும்) சுமார் 0.24 கன மீட்டர் இடம் பிடிக்கும். மணிக்கு 1,000 கிலோ போக வேண்டும் என்றால், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் தர எண்) குழாயில் 50 மி.மீ. அளவில் வேகம் நொடிக்கு 31 மீட்டர், 65 மி.மீ. அளவில் 22 மீட்டர். நிறைவுற்ற நீராவிக்கு 25 முதல் 40 வரை வழக்கம் என்பதால், வேகத்தை மட்டும் பார்ப்பவர் 50-ஐ எடுத்துவிடுவார். தூரம் 30 மீட்டர் என்றால் அது சரிதான்.

தூரம் 200 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. குழாயில் 100 மீட்டருக்குச் சுமார் 0.75 பார் போய்விடும். கடைசியில் இயந்திரத்துக்குக் கிடைப்பது ஐந்தரை பாருக்கும் கீழே. 170 டிகிரியில் கிளம்பிய ஸ்டீம் 162-க்கும் கீழே இறங்கியிருக்கும். 165 டிகிரி கேட்கும் வேலை அங்கே நடக்காது. அழுத்தம் குறையக் குறைய ஸ்டீம் விரிவதால், வேகமும் வழி நெடுக ஏறிக்கொண்டே போகும். 65 மி.மீ. போட்டால் இழப்பு 100 மீட்டருக்கு 0.3 பார்தான். ஓர் அளவு கூட்டியதற்கே இவ்வளவு வித்தியாசம். காரணம் எளிது: விட்டம் இரட்டித்தால் வேகம் நாலில் ஒரு பங்காகும், அழுத்த இழப்போ ஏறக்குறைய 32-இல் ஒரு பங்காகிவிடும்.

அப்படியானால் 100 மி.மீ. போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். வெளிப்பரப்பு கூடினால் வெப்ப இழப்பும் கண்டன்சேட்டும் (ஸ்டீம் குளிர்ந்து உண்டாகும் நீர்) கூடும். வால்வு, இன்சுலேஷன் எல்லாமே பெரிதாகும். விட்டம் எதுவானாலும் ஓட்டத்தின் திசையில் 100-க்கு 1 சரிவும், 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு ஸ்டீம் ட்ராப்பும் (ஸ்டீமை விடாமல் அந்த நீரை மட்டும் வெளியேற்றும் கருவி) வேண்டும். இவற்றை விட்டால் வாட்டர் ஹாமர் வரும்; தேங்கிய நீரை ஸ்டீம் தள்ளிக்கொண்டுபோய்க் குழாயில் ஓங்கி மோதவைப்பது அது.

கேஸுக்கு வந்தால் கதையே வேறு. 1 மெகாவாட் பர்னருக்கு மணிக்குச் சுமார் 100 கன மீட்டர் இயற்கை எரிவாயு வேண்டும். 20 மில்லிபார் (1,000 மில்லிபார் ஒரு பார்) அழுத்தத்தில் 50 மி.மீ. குழாயில் அதை அனுப்பினால் வேகம் நொடிக்கு 13 மீட்டர். பார்க்க சாதுவான எண். ஆனால் இந்த அழுத்தத்தில் பலர் ஒதுக்கும் மொத்த இழப்பே 1 மில்லிபார்தான். அது நாலு மீட்டருக்குள் தீர்ந்துவிடும்! 80 மி.மீ. என்றால் 24 மீட்டர் வரை தாங்கும், 100 மி.மீ. என்றால் 90 மீட்டர் வரை. நடுவில் ஒரு 50 மி.மீ. குளோப் வால்வு வைத்தால், அது மட்டுமே 18 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். அதனால் குறைந்த அழுத்தக் கேஸில் அழுத்த இழப்பைத்தான் நம்ப வேண்டும். வேகக் கணக்கு அங்கே எதற்கும் உதவாது.

அதே கேஸை 2 பாரில் கொண்டுபோனால் நிலைமை தலைகீழ். 25 மி.மீ. குழாயே போதும், வேகம் 17 மீட்டர், இழப்பு 100 மீட்டருக்குச் சுமார் 0.3 பார். கையில் 2 பார் இருக்கும்போது இது பெரிய இழப்பில்லை. இங்கே கட்டுப்படுத்துவது வேகம். குழாயில் வரும் தூசி வளைவுகளை அரிக்கும், சத்தமும் கூடும். பிரிட்டனில் வடிகட்டாத கேஸுக்கு நொடிக்கு 20, வடிகட்டியதற்கு 45 மீட்டர் என்று எல்லை வைத்திருப்பது இதனால்தான். தூரம் அதிகம் என்றால் நான் இந்த வழியையே எடுப்பேன்: 2 பாரில் கொண்டுபோய், பர்னர் பக்கத்தில் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் கருவி) வைத்து இறக்குவது. அந்த ரெகுலேட்டர் பழுதானால் பர்னரைக் காக்க அதிக அழுத்தத்தில் தானே மூடும் வால்வு கட்டாயம் வேண்டும். கட்டடத்துக்குள் எவ்வளவு அழுத்தம் அனுமதி என்று உங்கள் ஊர் விதியையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று. பர்னர் நிற்கும்போது கேஜ் 20 மில்லிபார் காட்டினால் குழாய் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை. பர்னர் முழுத் தீக்கு ஏறும் அந்தச் சில நொடிகளில் முள்ளைப் பாருங்கள். குழாய் சிறிதென்றால் 20-இலிருந்து 14, 12 என்று சரிந்து, குறைந்த அழுத்த சுவிட்ச் பர்னரை நிறுத்தும். ரெகுலேட்டரைத் திருகித் திருகிப் பலர் அரை நாளைத் தொலைப்பார்கள். முதலில் ரெகுலேட்டரை ஒட்டி ஒன்றும் பர்னரை ஒட்டி ஒன்றுமாக இரண்டு கேஜ் போட்டு, முழுச் சுமையில் இரண்டையும் ஒரே நேரத்தில் படியுங்கள். ரெகுலேட்டர் பக்கம் 20 நிலையாக நின்று, பர்னர் பக்கம் மட்டும் சரிந்தால், மாற்ற வேண்டியது குழாயை.